இடது கூடை

நாலு நிமிஷம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போனதாகத் தூக்கிப் போட்ட போனுக்குத் தலைநகரின் பழைய போன் சந்தையான சீலம்பூரில் கொடுக்கிற அவகாசம் அவ்வளவுதான். சாக்கிலிருந்து எடுப்பார்கள், கிளிப்பில் மாட்டி கரண்ட் கொடுப்பார்கள், காத்திருப்பார்கள். அதற்குள் ஒரு தடவை அதிர்ந்தால் உயிர் இருக்கிறது, வலது கூடை. அதிராவிட்டால் இடது கூடை. வலது கூடை அப்படியே கடைக்குப் போகும். இடது கூடையைப் பிரிப்பார்கள். பேட்டரி மணல் வாளிக்கு, திரை சூட்டுத் தகட்டுக்கு, கேமரா டப்பாவுக்கு. பச்சை போர்டு மட்டும் வேறு மேசைக்குப் போகும். அங்கேயும் தேறாதது பக்கத்து ஊர் லோனியில் அமிலத்தில் வேகும். செம்பு வரும், கடுகளவு தங்கம் வரும். மிச்சம் சாக்கடைக்குப் போய்ச் சேரும்.

இந்த இரண்டு கூடைகளுக்கும் நடுவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் முஷ்தரி. நான் அந்தச் சந்தில் சங்கம் கட்டப் போனவன். சங்கம் நிற்கவில்லை, நான் நின்றுவிட்டேன். எங்களுக்கு ஒலிபெருக்கி வாங்க வக்கில்லாத நாளில் முஷ்தரியைத்தான் ஊர்வலத்தின் முன்னால் நிறுத்துவோம். அவள் ஒரு கோஷம் போட்டால் ஜாஃப்ராபாத் வரைக்கும் கேட்கும். போலீஸ்காரனே ஒரு தடவை, "அந்தம்மாவைக் கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லுங்கப்பா" என்று கெஞ்சியிருக்கிறான்.

காலையில் கிடங்கைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது சாக்குகளின் சத்தம். சில போன்களில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கும். ஒன்று பாங்கு சொல்லும். அது ஸ்ரீநகர் நேரம். பதினைந்து நிமிஷம் கழித்து இன்னொன்று சொல்லும், அது சூரத் நேரம். ஒன்று மாத்திரை போடச் சொல்லிக் கூவும். சாக்கின் அடியிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், மணி அடித்து அடித்து ஓயும். எடுத்துப் பேச ஆள் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் வாரம் அந்தச் சாக்குகளுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள்.

அங்கே ஒரே ஒரு சட்டம். போனைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை. திரை கீழே, முதுகு மேலே. உயிர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அதிர்வைத் தொட்டுப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது. முதலாளி நதீம் பாய் போட்ட சட்டம் இல்லை, பெண்களே போட்டுக்கொண்டது. அதைக் காப்பாற்றியவள் முஷ்தரி. எவளாவது ஒரு போனைத் திருப்பினால், "அடுத்தவ வீட்டுக் கதவைத் திறக்கறியா? உன் வீட்டுக் கதவு நாளைக்கு எந்தச் சாக்குல வரும்னு தெரியுமாடி?" என்று கிடங்கே அதிரும்.

அந்தச் சட்டத்துக்காகத்தான் மகனை விரட்டினாள்.

மகன் பெயர் ஷாதாப். ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை. இருபத்தோரு வயதில் அதே கிடங்கில் வேலை பார்த்தான். ஒரு போனைத் திருப்பினான். உள்ளே ஒரு பெண்ணின் படங்கள் இருந்தன. அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். விற்றுவிட்டான். விஷயம் முஷ்தரிக்குத் தெரிந்தது. சந்து நடுவில், அத்தனை பேர் முன்னால், செருப்பைக் கழற்றி அடித்தாள். "எனக்குப் பிள்ளை இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். அந்தக் குரல் கேட்காத வீடு கிடையாது. மறுநாள் அவன் ரயிலேறினான். கொஞ்ச நாளில் ஷார்ஜா போய்ச் சேர்ந்தான். சந்தில் யாரிடமும் அவன் பிறகு பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவான்?

"வழியனுப்பப் போகலையா ஆபா?" என்று பக்கத்து மேசை அன்வரி கேட்டாள். ஆபா என்றால் அக்கா. அன்வரிக்கு முஷ்தரிதான் எல்லாம்.

"நான் எதுக்குப் போகணும்? வீட்டுலதான் இருந்தேன். ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் முஷ்தரி. மூன்று வருஷமும் இதையேதான் சொன்னாள்.

அதே வாரம் அவளுடைய சொந்த போன் போர்டு கழுவும் அமில வாளிப் பக்கம் விழுந்து திரை செத்தது. அதையும் தன் மேசையிலேயே வைத்துப் பார்த்தாள். கவிழ்த்தாள், கிளிப் மாட்டினாள், நாலு நிமிஷம் விரலை வைத்திருந்தாள். அதிரவில்லை. இடது கூடையில் போட்டாள்.

தப்பு போனில் இல்லை, விரலில். பதிமூன்று வருஷ அமிலமும் சூடும் அவள் விரல் நுனிகளைத் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தன. ரேகை கிடையாது, உணர்ச்சியும் பாதிதான். ரேஷன் கடை மெஷின் அவளை ஆறு மாதமாக, "ஆள் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய நம்பருக்குப் புது சிம் கேட்டுப் போனாள். அங்கேயும் விரல் வைக்கச் சொன்னார்கள். அங்கேயும் ஆள் பொருந்தவில்லை. நம்பர் போயிற்று, மகனுடைய நம்பரும் அதோடு போயிற்று. அன்வரி தன் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடுத்தாள். அன்வரியும் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள், உயிருள்ள போனெல்லாம் இடது பக்கம் வருகிறது ஆபா என்று. அதற்குப் பிறகுதான் முஷ்தரி போனைக் கன்னத்தில் வைத்து அதிர்வு பார்க்க ஆரம்பித்தாள். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

மூன்று வருஷம் மகனிடமிருந்து ஒரு சொல் இல்லை. அவளும் கேட்டு அனுப்பவில்லை. "செருப்பால அடிச்சவளுக்கு யாருடா லெட்டர் போடுவான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் புலம்பியது.

போன பிப்ரவரியில் லக்னோ பக்கத்துப் பழைய சாமான்காரனிடமிருந்து இரண்டு சாக்கு வந்தது. நான் அன்று அங்கே இருந்தேன், விபத்துக் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். முஷ்தரி ஒரு நீல போனை எடுத்தாள், கிளிப் மாட்டினாள், கன்னத்தில் வைத்தாள். மூன்றாவது நிமிஷம் போன் பேசியது.

"அம்மி, எடு! எடு அம்மி!"

அம்மாவைக் கூப்பிடும், குரல் உடையும் வயசுப் பையனின் குரல். பாதி கட்டை, பாதி கீச்சு. முஷ்தரி அசையவில்லை. அன்வரியின் கையிலிருந்த இடுக்கி விழுந்தது.

"ஆபா, இது ஷாதாப்."

அது ஷாதாப்தான். பதினாறு வயதில் அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்தபோது மணிக்குப் பதிலாகத் தன் குரலையே பதிவு செய்து வைத்தான். செய்தி வந்தாலும் அதுதான் கத்தும். அந்த போன் இடது கூடைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நான் முஷ்தரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு போனைத் திருப்பினாள்.

உடம்பு ஒரு கம்பெனி, திரை இன்னொன்று, பேட்டரி மூன்றாவது. உள்ளே இருந்த போர்டு மட்டும் அவளுடையது. இங்கேயே இரண்டு மேசை தள்ளி எவனோ அதில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்து, வேறு உடம்பில் வைத்து விற்றிருக்கிறான். அவள் பூட்டு எதுவும் போட்டதில்லை. ரேகை இல்லாதவள் எந்தப் பூட்டைப் போடுவாள்? வாங்கின ஆள் வேறு சிம் போட்டிருந்தாலும் வாட்ஸப் பழைய நம்பரிலேயே திறந்து கிடந்தது. அந்த நம்பரை வேறு யாரும் கேட்டு வராத வரை அது அப்படியே கிடக்கும்.

திரையில் ஷாதாபின் செய்தி நின்றது, அன்வரி படித்துக் காட்டினாள். "அம்மி, ஒன்பது நாளாச்சு. ஏன் பதில் இல்ல? ஈதுக்கு டிக்கெட் போடவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒன்பது நாளா?" என்றாள் முஷ்தரி. "மூணு வருஷம்டா."

அன்வரி விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். செய்திகள் முடியவே இல்லை. அவன் எழுதியிருந்தான், இவள் பதில் போட்டிருந்தாள். தினமும். முஷ்தரியின் படம், முஷ்தரியின் பெயர். முஷ்தரி ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

ஆரம்பம் அவன் போன நாற்பதாவது நாள். "அம்மி, தப்பு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணோட முகம் தூங்க விடல" என்று எழுதியிருந்தான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இந்த போனிலிருந்து போயிருக்கிறது: "சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். அதிலிருந்து தொடங்கியது.

"எழுதத் தெரியாதே உங்களுக்கு, எப்படி எழுதறீங்கன்னு கேட்டிருக்கான்" என்று அன்வரி படித்தாள். "அதுக்கு பதில்..." நிறுத்திவிட்டாள்.

"படிடி."

"'அன்வரி கத்துக் கொடுத்தா.'" அன்வரி போனை மேசையில் வைத்தாள். "என் பேரு இந்த ஆளுக்கு எப்படி ஆபா தெரியும்?"

தெரியாமல் என்ன? ஐந்து வருஷத்துக் குரல் பதிவுகள் உள்ளே கிடந்தன. யாரோ உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்திருக்கிறது. முஷ்தரி சண்டை போடுகிற விதம், அவனை அவள் 'கழுதைக் குட்டி' என்று கூப்பிடுவது, உப்பு குறைந்தால் என்ன சொல்வாள் என்பது. ஒன்றே ஒன்றுதான் அந்த ஆளால் முடியவில்லை. பேச முடியாது. ஆகவே எழுதியிருந்தது: "அமிலப் புகை தொண்டையைத் தின்னுடுச்சு. குரல் போயிடுச்சு. முன் கேமராவும் உடைஞ்சுபோச்சு. எழுதறதே எனக்குப் போதும்."

பணம் பறிக்கத்தான் என்று நான் நினைத்தேன். எந்தச் சங்கக்காரனும் முதலில் அதைத்தான் நினைப்பான். தேடிப் பார்த்தோம். அவன் நாலு தடவை பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். நாலு தடவையும் ஒரே பதில்: "எனக்கு வேண்டாம். ஒரு கம்பளி வாங்கிக்கோ."

படங்களில் அந்த ஆளின் முகம் ஒன்றுகூட இல்லை. கம்பி போட்ட ஒரு ஜன்னல், பல நாள் பல நேரத்தில். மாத்திரை அட்டை. தட்டில் ஒரே ஒரு ரொட்டி. சுவரில் விழுந்த, வளையல் போட்ட ஒரு கையின் நிழல். கடைசிச் செய்தி ஒன்பது நாளுக்கு முன்னால்: "இன்னைக்குக் கொஞ்சம் படுத்துக்கறேன். நாளைக்கு எழுதறேன்."

நதீம் பாய் வந்து கையை நீட்டினார். "உயிருள்ளது எனக்குச் சேரணும் முஷ்தரி. வலது கூடை."

"இது என்னோட போன்."

"எது உன்னோடது? உடம்பா? திரையா? பேட்டரியா?"

"உள்ள இருக்கறது."

நதீம் பாய் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வெச்சுக்கோ" என்று போய்விட்டார்.

முஷ்தரி அன்வரியின் போனை வாங்கி, திரையில் இருந்த நம்பருக்கு அடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்றோம். அப்போது நாங்கள் வெளியே போயிருக்க வேண்டும். அது எங்கள் தப்பு.

"ஷாதாப்? நான்டா, அம்மி."

அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு நீங்க?"

"அம்மிடா! குரல் தெரியலையா கழுதைக் குட்டி?"

"எங்கம்மிக்குக் குரலே கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகலடா! இதோ கத்தறேன், கேக்கல?"

"கேக்குது. நல்லாவே செஞ்சிருக்கீங்க, அப்படியே இருக்கு" என்றான். "இப்பல்லாம் பத்து செகண்ட் பேச்சு கிடைச்சாப் போதும், குரலையே செஞ்சுடறானுங்க. எங்க ரூம்ல ஒருத்தன் அப்படித்தான் ரெண்டு மாசச் சம்பளத்தைத் தொலைச்சான். சொல்லுங்க, என்ன கதை? ஆக்ஸிடென்டா? போலீஸ் கேஸா?"

"அல்லா மேல ஆணையாடா..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் ஊரை விட்டுப் போன அன்னிக்கு எங்கம்மி எங்க இருந்தாங்க?"

முஷ்தரி எங்களைப் பார்த்தாள். அன்வரியை, பிறகு என்னை. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது: "வீட்டுலதான் இருந்தேன். ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன்."

"எங்கம்மி ஸ்டேஷனுக்கு வந்தாங்க" என்றான் அவன். "தூணுக்குப் பின்னால நின்னு ரயிலைப் படம் எடுத்தாங்க. என்கிட்ட அதைச் சொன்னாங்க. அந்தப் படமும் அனுப்பினாங்க. இனிமே இந்த நம்பர்லேர்ந்து வந்தீங்க, போலீஸுக்குப் போவேன்."

வைத்துவிட்டான்.

அன்வரி நீல போனில் தேடினாள். இருந்தது. ஷாதரா ஸ்டேஷன். தூணின் விளிம்பு பாதித் திரையை மறைத்திருந்தது, மீதியில் ரயிலின் கடைசிப் பெட்டி. எடுத்த முஷ்தரியே மறந்துபோன படம். முன்பின் தெரியாத ஒருத்தி அதைக் கண்டுபிடித்து, அது என்ன என்று புரிந்துகொண்டு, மகனிடம் சேர்த்துவிட்டாள்.

முஷ்தரி மடியில் இருந்த போன் கத்தியது. "அம்மி, எடு!"

வந்திருந்த செய்தியை அன்வரி படித்தாள்: "அம்மி, யாரோ ஒரு பொம்பளை உங்க குரல்ல பேசறா. ஜாக்கிரதை. நீங்க பத்திரமாத்தானே இருக்கீங்க?"

"எழுது ஆபா. எல்லாத்தையும் எழுது" என்றாள் அன்வரி. "நான்தான் பேசினேன், இத்தனை நாள் எழுதினது எவளோன்னு எழுது. கேமரா ஒண்ணு மாட்டித் தரேன், மூஞ்சியைக் காட்டு. நம்புவான்."

"மொதல்ல மிச்சத்தைப் படி."

அன்வரி படித்தாள். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, ஜூன் மாதம். ஷாதாப் வேலை போய், காய்ச்சலோடு, தங்கியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றிருக்கிறான். அங்கிருந்து எழுதியிருக்கிறான், இனிமேல் முடியாது என்று. நடுப்பகல் தொழுகையிலிருந்து மாலைத் தொழுகை வரை இந்த போனிலிருந்து அறுபத்து மூன்று செய்தி போயிருக்கிறது. 'கீழ இறங்கு' என்று ஒரு இடத்திலும் இல்லை. நிழலில் உட்காரு. தண்ணி இருக்கா? உன் சின்ன வயசு முயல் குட்டிக்கு என்ன பேர் வெச்ச, எனக்கு மறந்துபோச்சு, சொல்லு. அந்தச் செருப்படி எனக்குத்தான்டா வலிக்குது. கடைசியில் அவன் எழுதியிருந்தான்: "இறங்கிட்டேன் அம்மி. நீங்க இல்லன்னா நான் இல்ல."

அன்வரி மூக்கைச் சிந்தினாள். முஷ்தரி அழவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீடர்" என்றாள் என்னிடம். "அன்னிக்கு அவனை இறக்கினது நான் இல்லன்னு சொன்னா என்ன ஆகும்?"

"உண்மை தெரியும்" என்றேன். எனக்கு அதுதான் பழக்கம்.

"உண்மை தெரியும். ஆனா அவனுக்கு அம்மா இருக்க மாட்டா. செருப்பால அடிச்சவ ஒருத்தி இருப்பா, போனைச் சாக்குக்கு விட்டுட்டுச் செத்தவ ஒருத்தி இருப்பா. நடுவுல அவன் மறுபடி மாடி ஏறினா எவ எழுதுவா?"

"அதுக்காகப் பொய்யா? வாழ்க்கை பூராவுமா?"

"நான் எங்க பொய் சொல்லப் போறேன்? வாயையே திறக்கப் போறதில்ல."

அன்வரி எழுத்தைக் காட்டக் காட்ட, மொழுமொழு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரை பாதி நேரம் அந்த விரலை ஏற்கவில்லை, அன்வரி பக்கத்தில் இருந்து அழுத்திக் கொடுத்தாள். "பத்திரமா இருக்கேன். அவ யாரோ. விடு. டிக்கெட் போடு."

தன்னையே 'அவ யாரோ' என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்வரி டப்பாவிலிருந்து ஒரு முன் கேமரா எடுத்துப் பத்து நிமிஷத்தில் மாட்டினாள். முஷ்தரி வீடியோ காலில் முகத்தைக் காட்டினாள், உதடு பிரியவில்லை. அந்தப் பக்கம் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஈதுக்குள் அன்வரி முஷ்தரிக்கு நிஜமாகவே எழுதக் கற்றுக்கொடுத்தாள், ஆபாவுக்குக் குரல் போய் வருஷக்கணக்காச்சு என்றே எல்லாரும் சொல்லணும் என்று சந்தில் வீடு வீடாகச் சொல்லி வைத்தாள். ஒருத்தரும் மறுக்கவில்லை. "லீடர், நீங்க எங்களைப் பத்து தடவை ஸ்ட்ரைக்குக் கூப்பிட்டீங்க, பாதிப் பேர்தான் வந்தோம்" என்றாள் பால்காரன் மனைவி. "இந்த வாய் ஸ்ட்ரைக்குக்கு எல்லாரும் வரோம், பாருங்க." வந்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட வாய் தவறவில்லை.

ஷாதாப் ஈதுக்கு வந்தான். சேமியாப் பாயசம் குடித்தான், உப்பு போட்டாலும் குடித்திருப்பான். அம்மாவின் கையைப் பிடித்து அந்த விரல் நுனிகளைத் தடவித் தடவிப் பார்த்தான். அவள் தாளில் எழுதிக் காட்டினாள், அவன் பேசினான். படங்களை விற்றானே, அந்தப் பெண்ணைத் தேடிப் போய் வாசலில் நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை. அது அவள் நியாயம். திரும்பி வந்து அம்மாவின் மடியில் படுத்தான்.

நீல போனில் பழைய ஊர்வலப் பதிவு ஒன்று இருந்தது. அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து அதைப் போடுவான். கிடங்கு வாசலில் நின்று முஷ்தரி கோஷம் போடுகிறாள், சந்து முழுக்கக் கேட்கும். எதிரே அதே முஷ்தரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாருடையதையோ கேட்கிற மாதிரி. முதல் இரண்டு நாள் அவள் கண் கலங்கியது. அப்புறம் அதுவும் இல்லை.

"என்ன குரல் லீடர் இது" என்றான் என்னிடம். "இவ்வளவு பெரிய குரல் எங்க போயிடும்?"

நான் டீ கிளாஸைக் கழுவப் போனேன்.

அவன் கிளம்பிய அன்று ஆட்டோ முனை திரும்பியது. சந்து மொத்தமும் மூச்சு விட்டது. அன்வரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "போயிட்டான் ஆபா! ஜெயிச்சுட்டோம்! பேசுங்க, திட்டுங்க, எதையாவது கத்துங்க!"

முஷ்தரி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்து நீல போனை எடுத்து அன்வரிக்கு எழுதினாள். அன்வரியின் போன் அதிர்ந்தது.

"சாப்பிட்டியா?"

இரண்டு ஆஸ்பத்திரியில் காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் புண் இல்லை, கட்டி இல்லை, புகை தின்ற அடையாளமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. கிடங்குக்குப் போகிறாள், போன்களைக் கவிழ்த்து வைக்கிறாள், கன்னத்தில் வைத்துக் கேட்கிறாள். ஷார்ஜாவுக்குத் தினமும் எழுதுகிறாள்.

மகன் சந்தில் இருந்தது பத்தொன்பது நாள். முஷ்தரி பேசி இன்றோடு இருநூற்றுப் பதினாறு நாள்.